ஆண்டிஎக்ஸ் போட்டாச்சு சரி, நெட்டு எங்க மாப்ள?

பழைய லேப்டாப்புல லைட்வெயிட் லினக்ஸ் போடறத பத்தி தேடினீங்கன்னா வீடியோவும் எழுத்துமா குவிஞ்சு கிடக்கு, எல்லாரும் பென்டிரைவ்ல ஐஎஸ்ஓ ஏத்தறதுல ஆரம்பிச்சு டெஸ்க்டாப் வால்பேப்பர் தெரியற வரைக்கும் கூட்டிட்டு போயி அங்கயே ஒரு கும்பிடு போட்டு கிளம்பிடறாங்க. வால்பேப்பர வச்சு என்ன பண்றது? இன்ஸ்டால் பண்றத இன்னைக்கு எட்டாவது படிக்கிற பையனே பண்ணிடுவான், அதுக்கப்புறம் வர்ற வைஃபை, லேன் சமாச்சாரத்துலதான் ஆளுங்க வெறுத்துப் போயி திரும்ப பழைய விண்டோஸுக்கே ஓடறாங்க. அதனால இந்த போஸ்ட்ல ஆண்டிஎக்ஸ்ங்கற லைட்வெயிட் லினக்ஸ இன்ஸ்டால் பண்ற கதையே கிடையாது, போட்டப்புறம் அதுல நெட்டு வர வைக்கறது மட்டும்தான்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், கமாண்ட் எல்லாத்தையும் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க.

பொட்டி எங்க மாமாவோடது. விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல தாலுகா ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார், பட்டா எடுக்க, வில்லங்கம் பாக்க, ஈபி பில் கட்டன்னு ஆள் வந்துட்டே இருக்கும். கடையில நல்ல கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு, அது போக ஓரமா ஒரு பத்து இஞ்ச் நெட்புக் தூங்குது, இன்டெல் ஆட்டம் என்270 ப்ராசஸர், ரெண்டு ஜிபி ராம். எக்ஸ்பியோட வந்தது, அப்புறம் யாரோ அதுல விண்டோஸ் 7 ஏத்தி வச்சிருக்காங்க. அந்த 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலயே சப்போர்ட்ட நிறுத்தியாச்சு, குரோமும் 109ஆவது வெர்ஷனோட அதுக்கு கைய விரிச்சிடுச்சு, அரசாங்க வெப்சைட் பாதி ஒழுங்கா திறக்கறதில்ல. கூட்டம் இருக்கற நாள்ல ரெண்டாவது பொட்டியா ஒரு மெயில் திறந்து பிரிண்ட் கொடுக்க இது போதும்னு மாமா ஆசப்பட்டார்.

என்270ங்கறது 32 பிட் மட்டும்தான் தெரிஞ்ச ப்ராசஸர், அதனால லுபுண்டு எல்லாம் யோசிக்கவே வேணாம், அவங்க 32 பிட்ட 19.04லயே விட்டுட்டாங்க. டெபியனும் இப்ப 13ல 32 பிட்டுக்கு இன்ஸ்டாலர் தர்றத நிறுத்திடுச்சு. டெபியன் 12 மேல கட்டின ஆண்டிஎக்ஸ் 23க்கு 32 பிட் ஐஎஸ்ஓ இருக்கு, அதத்தான் போட்டேன். கிரீஸ்ல இருந்து ஆண்டிகேபிடலிஸ்டான்னு ஒரு புனைபேர்ல ஒருத்தர் ஆரம்பிச்ச டிஸ்ட்ரோ (லினக்ஸ் ரகம்) இது, எம்எக்ஸ் லினக்ஸ் எல்லாம் இதுக்கு சொந்தக்காரங்கதான். பூட்டையும் சர்வீஸையும் பாத்துக்க மத்த லினக்ஸ்ல இருக்கற சிஸ்டம்டி கிடையாது, டெஸ்க்டாப்புன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, ஐஸ்டபிள்யூஎம்னு ஒரு விண்டோ மேனேஜர் மட்டும்தான், அதனாலதான் இந்த பொட்டியிலயும் மூச்சு வாங்காம ஓடுது. உபுண்டு, மின்ட் மாதிரி இடத்துல நெட்டுக்கு நெட்வொர்க்மேனேஜர் இருக்கும், ஆண்டிஎக்ஸ்ல அது இல்ல, கான்மேன்னு வேற ஒண்ணு இருக்கு. நெட்டுல கிடைக்கற பாதி யோசனை இங்க செல்லுபடி ஆகாததுக்கு காரணமே இதுதான், நெட்வொர்க்மேனேஜரோட கமாண்டான என்எம்சிஎல்ஐன்னு ஆரம்பிக்கற எதையும் இதுல அடிச்சு பிரயோஜனம் இல்ல.

இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி லைவ்ல, அதாவது பென்டிரைவ்ல இருந்தே, பூட் பண்ணி நெட்டு கிடைக்குதான்னு பாத்துக்கோங்க, லைவ்ல யூசர் பேரும் பாஸ்வேர்டும் ரெண்டுமே டெமோ. அங்க வைஃபை கார்டு தெரிஞ்சா இன்ஸ்டால் பண்ணினப்புறமும் தெரியும், அங்க தெரியலன்னா அப்பவே ஃபோனை கையில எடுத்துக்கோங்க.

ஃபோன்னு சொன்னேன்ல, இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா நிறைய பேருக்கு தெரியல. புதுசா போட்ட லினக்ஸ்ல வைஃபை வரல, வைஃபை வரணும்னா டிரைவரோ ஃபர்ம்வேரோ (கார்டுக்குள்ள ஓடற குட்டி ப்ரோக்ராம்) இறக்கணும், இறக்கணும்னா நெட்டு வேணும், நெட்டு வேணும்னா வைஃபை வரணும், இந்த சுத்துல மாட்டிக்கிட்டு ஆளுங்க இன்னொரு கம்ப்யூட்டர்ல இருந்து டெப் ஃபைலா பென்டிரைவ்ல தூக்கிட்டு வந்து, அது கேக்கற டிபென்டன்ஸிய, அதாவது கூடவே வேணுங்கற மத்த பேக்கேஜ, தேடி திரும்ப ஓடி, ஏன் இந்த பாடு? ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிள்ல சொருகி செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங்க ஆன் பண்ணுங்க, அவ்வளவுதான், லினக்ஸ் அத ஒரு லேன் கார்டாவே எடுத்துக்கும், ஆர்என்டிஐஎஸ்ங்கற டிரைவர் கெர்னல்லயே இருக்கு. யூஎஸ்பி0ன்னோ ஈத்1ன்னோ ஒரு பேர் புதுசா முளைக்கும். இதுல இன்னொரு வசதி என்னன்னா ஃபோன் அப்ப கடை வைஃபையில இருந்துச்சுன்னா அந்த வைஃபையத்தான் கேபிள் வழியா பொட்டிக்கு கொடுக்கும், உங்க 1.5 ஜிபி டெய்லி டேட்டா கரையாது, அதாவது உங்க ஃபோனே தற்காலிகமா வைஃபை கார்டா மாறிடுது. டெதரிங் ஆப்ஷன் மங்கலா இருந்து தொட முடியலன்னா கேபிளை மாத்துங்க, பஸ் ஸ்டாண்டுல வாங்கற கேபிள்ல பாதிக்கு சார்ஜ் போற ரெண்டு கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. ஐஃபோன்காரங்களுக்கு யூஎஸ்பிமக்ஸ்டின்னு ஒரு பேக்கேஜும் வேணும்.

இப்ப வைஃபை. மாமா கடையில போட்டு முடிச்சு டெஸ்க்டாப் வந்தவுடனே கீழ வலது மூலையில ஒரு குட்டி ஐகான், அதுதான் சிஎம்எஸ்டின்னு கான்மேனோட முகம், திறந்து பாத்தா வைஃபைங்கற வரியே காலியா இருக்கு. மாமா எட்டிப் பாத்து, "ஏன் மாப்ள, பொட்டி என்னமோ சட்டுனு ஆன் ஆகுது, நெட்டு எங்கய்யா?"ன்னார். "இருங்க மாமா, கார்டு உள்ள இருக்கான்னே இன்னும் பாக்கல"ன்னேன். "அதெல்லாம் விண்டோஸ்ல வந்துட்டுதானய்யா இருந்துச்சு!" சரிதான், ஆனா அது விண்டோஸ்.

இந்த இடத்துல எல்லாரும் பண்றது, அந்த ஐகானையே திரும்பத் திரும்ப க்ளிக் பண்ணி ஸ்கேன் ஸ்கேன்னு கொடுத்து, ரீஸ்டார்ட் போட்டு, சாமி கும்பிட்டு. கீழ இருந்து மேல போங்க. முதல்ல கார்டுன்னு ஒண்ணு கண்ணுக்கு தெரியுதா, அதுக்கு டிரைவர் ஒட்டியிருக்கா, யாராவது அத தடுத்து வச்சிருக்காங்களா, வைஃபையோட சேந்துச்சா, ஐபி கிடைச்சுதா, பேரு கண்டுபிடிக்க தெரியுதா. இந்த வரிசையில எங்க நிக்குதோ அங்க மட்டும்தான் வேலை, அதுக்கு மேல இருக்கற எதையும் தொட வேண்டியதில்ல.

கார்ட பாக்க ஆண்டிஎக்ஸ்லயே இன்க்சின்னு ஒண்ணு இருக்கு, இன்க்சி ஸ்பேஸ் மைனஸ் என்ன்னு அடிச்சா எந்த கம்பெனி கார்டு, எந்த டிரைவர்னு ஒரே வரியில சொல்லிடும். இன்னும் துல்லியமா வேணும்னா எல்எஸ்பிசிஐ மைனஸ் என்என்கே, அதுல நெட்வொர்க் கன்ட்ரோலர்ங்கற வரி கடைசியில அடைப்புக்குறிக்குள்ள ரெண்டு நம்பர் இருக்கும், முதல் நம்பர் கம்பெனி. 8086ன்னா இன்டெல், 168சின்னா ஏதெராஸ், 10இசின்னா ரியல்டெக், 14இ4ன்னா பிராட்காம். அதுக்கு கீழ "கெர்னல் டிரைவர் இன் யூஸ்"ன்னு ஒரு வரி இருந்தா டிரைவர் ஒட்டியாச்சுன்னு அர்த்தம், அந்த வரியே இல்லன்னா அங்கதான் பிரச்சினை.

பழைய ஏதெராஸ் கார்டு வச்சிருக்கவங்க புண்ணியம் பண்ணவங்க, ஏத்5கே, ஏத்9கேங்கற டிரைவருக்கு தனியா ஃபர்ம்வேரே தேவையில்ல, எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் எழுந்துக்கும். பிராட்காம்ல பழைய சிப்புங்களுக்குதான் சுத்தணும், பி43 டிரைவருக்கு வேணுங்கற ஃபர்ம்வேர லைசன்ஸ் காரணமா டெபியன்காரங்க கூடவே வச்சு கொடுக்க முடியாது, அதனால ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அது நெட்டுல போயி எடுத்துட்டு வந்து பிரிச்சு வைக்கும். நெட்டு இல்லாம நெட்டு டிரைவர் போட முடியாதுங்கற கதையோட உச்சம் இதுதான், டெதரிங்க இங்கதான் கும்பிடுவீங்க. பிசிஎம்4312ல எல்பி-பிஹெச்ஒய்ங்கற ரகமா இருந்தா ஃபர்ம்வேர்-பி43-எல்பிபிஹெச்ஒய்-இன்ஸ்டாலர்னு இன்னொரு பேக்கேஜ் இருக்கு, அத போடணும், மாத்தி போட்டா சும்மா உக்காந்திருக்கும்.

மாமா நெட்புக்ல ஏத்5கே ஒட்டியிருந்துச்சு, அதாவது முதல் ரெண்டு படியும் பாஸ். அடுத்த படி ஆர்எஃப்கில், ரேடியோவ யாராவது தடுத்து வச்சிருக்காங்களான்னு சொல்ற கமாண்டு. ஆர்எஃப்கில் லிஸ்ட்னு அடிச்சா ஒவ்வொரு ரேடியோவுக்கும் ரெண்டு வரி காட்டும், சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு. சாஃப்ட் எஸ்ஸுன்னு இருந்தா சுடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை, விட்டுடும். ஹார்டு எஸ்ஸுன்னா எந்த கமாண்டாலயும் முடியாது, லேப்டாப் முன்பக்க ஓரத்துலயோ பக்கவாட்டுலயோ நகத்தால தள்ற மாதிரி ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், இல்லனா எஃப்என் கூட எஃப்2வோ எஃப்3யோ அமுக்கணும். ரெண்டு ஓஎஸ் வச்சிருக்கவங்க இன்னொண்ணு கவனிங்க, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா அது முழுசா ஷட்டவுன் ஆகறதில்ல, வைஃபை கார்ட பாதி தூக்கத்துல விட்டுட்டு போயிடும், லினக்ஸ் வந்து எழுப்பினா எழாது. விண்டோஸ்ல அத ஆஃப் பண்ணிட்டு ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிட்டு வாங்க.

இங்க சாஃப்ட் பிளாக்தான். எடுத்து விட்டேன், அப்பவும் சிஎம்எஸ்டில வைஃபை காலி. ஆண்டிஎக்ஸ் போட்ட நிறைய பேர் முட்டிக்கிட்டு நிக்கற இடம் இது, ஆர்எஃப்கில் ஒரு பூட்டுன்னா கான்மேன் தனக்குன்னு இன்னொரு பூட்டு வச்சிருக்கு. வைஃபைங்கற டெக்னாலஜிய ஆன் பண்ணனுமா வேணாமாங்கறத அது தன்னோட ஃபைல்ல எழுதி வச்சுக்கும், வேர் லிப் கான்மேன் ஃபோல்டர்ல இருக்கற செட்டிங்ஸ் ஃபைல்ல, அங்க எனேபிள் ஃபால்ஸ்னு இருந்தா ஒவ்வொரு பூட்டுலயும் வைஃபைய படுக்க வச்சிடும். அந்த ஃபைல கையால திருத்த வேண்டியதில்ல, டெர்மினல்ல கான்மேன்சிடிஎல்னு மட்டும் அடிங்க, அதுக்குன்னு தனி ப்ராம்ப்ட் வரும், அங்க எனேபிள் வைஃபைன்னு கொடுத்தா ஞாபகம் வச்சுக்கும். அப்புறம் ஸ்கேன் வைஃபை, அப்புறம் சர்வீசஸ்.

சர்வீசஸ்னு அடிச்சவுடனே வர்ற லிஸ்ட்ட பாத்து பயந்துடாதீங்க. இடது பக்கம் வைஃபை பேரு, வலது பக்கம் வைஃபைன்னு ஆரம்பிச்சு அடிக்கோடு போட்டு நீளமா ஒரு நம்பர், திரும்ப அடிக்கோடு, இன்னொரு நம்பர், கடைசியில மேனேஜ்டு பிஎஸ்கேன்னு முடியும். முதல் நம்பர் உங்க கார்டோட மேக் அட்ரஸ், அதாவது அதோட அடையாள நம்பர், ரெண்டாவது நம்பர் வைஃபை பேரேதான், எழுத்துக்கு எழுத்து ஹெக்ஸ்ல. மாமா ரவுட்டருக்கு ஜெராக்ஸ்னு இங்கிலீஷ் பெரிய எழுத்துல பேர் வச்சிருக்கார், அது 5845524எஃப்58ன்னு நின்னுச்சு, எக்ஸுக்கு 58, முதல்லயும் கடைசியிலயும் இருக்கு பாருங்க. வைஃபைக்கு தமிழ்ல பேர் வச்சா இந்த நம்பர் மூணு மடங்கா நீளும், ஏன்னா நம்ம எழுத்து ஒண்ணொண்ணும் மூணு பைட், கொம்பு, கால், புள்ளின்னு ஒவ்வொண்ணும் தனியா மூணு பைட். வைஃபை பேருக்கு மொத்தமே 32 பைட்தான் அனுமதி, அப்ப பத்து குறிக்குள்ள அடங்கற பேரா வைக்கணும். முருகன்னு வச்சா 21 பைட், தாராளமா நிக்கும். தண்டாயுதபாணி நிக்க மாட்டார்.

சரி விஷயத்துக்கு வரேன். லிஸ்ட்ல பேருக்கு முன்னாடி வர்ற எழுத்துங்கள கவனிங்க. ஸ்டார் இருந்தா ஏற்கனவே தெரிஞ்ச வைஃபை, ‘ஏ’ங்கற எழுத்து இருந்தா தானா சேரும், ஆர்ன்னா ரெடி, ஓன்னா ஆன்லைன். இந்த ஆருக்கும் ஓவுக்கும் உள்ள வித்தியாசம் ரொம்ப உபயோகமானது, ஐபி கிடைச்சு ரவுட்டர் வரைக்கும் போயிட்டா ஆர், வெளிய கான்மேன்காரங்க வச்சிருக்கற ஒரு பக்கத்த உண்மையிலயே எட்டிப் பாத்துட்டு வந்தாதான் ஓ. ஆர்லயே நின்னுச்சுன்னா உங்க பொட்டி மேல பெரும்பாலும் தப்பில்ல, ரவுட்டருக்கு அந்தப் பக்கம்தான் ஏதோ, இல்லனா ஹோட்டல் வைஃபை மாதிரி லாகின் பக்கம் எதாவது திறக்கணும்.

சேர்றதுக்கு நேரா கனெக்ட்னு அடிச்சா நாட் ரெஜிஸ்டர்டுன்னு எரர் அடிக்கும், பாஸ்வேர்டே கேக்காது. முதல்ல ஏஜென்ட் ஆன்னு கொடுத்துட்டு அப்புறம்தான் கனெக்ட் போட்டு அந்த நீள ஐடிய கொடுக்கணும், ஐடிய முழுசா டைப் அடிக்க வேணாம், வைஃபைன்னு ஆரம்பிச்சு டேப் அமுக்கினா தானே நிரப்பிக்கும். பாஸ்ஃப்ரேஸ்னு கேக்கும், கொடுங்க. தப்பா கொடுத்தா இன்வேலிட் கீன்னு சொல்லிட்டு திரும்ப கேக்கும். ஒரு தடவ சேந்துட்டா அப்புறம் சிஎம்எஸ்டி ஐகான்லயே எல்லாம் பண்ணிக்கலாம், இந்த கறுப்பு ஸ்கிரீன் பக்கமே வர வேண்டியதில்ல.

மாமா கடையில லிஸ்ட் வந்துச்சு, பக்கத்து மெடிக்கல் ஷாப் வைஃபை வந்துச்சு, மாடி வீட்டு வைஃபை வந்துச்சு, ரெண்டு அடி தள்ளி இருக்கற ஜெராக்ஸ் மட்டும் வரல. மாமாவுக்கு கோவம். "அவன் வைஃபை எல்லாம் காட்டுது, நம்மது காட்டலயா, இது என்னய்யா நியாயம்?"ன்னார். இதுக்கு லினக்ஸ் என்ன பண்ணும் சொல்லுங்க. புது ரவுட்டர், பழைய கார்டு, ரெண்டுக்கும் நடுவுல பதினஞ்சு வருஷ இடைவெளி.

இந்த நெட்புக் காலத்து கார்டு பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், அதுலயும் இது பி/ஜி ரகம், 802.11என் கூட கிடையாது. ஏட்டுல 54 எம்பிபிஎஸ், நடைமுறையில 20ஐ சுத்தி கிடைச்சா சந்தோஷம், ஒரு பிடிஎஃப் இறக்க அது போதும். இப்ப வீட்டுக்கு வர்ற ஃபைபர் ரவுட்டர்ல 2.4ம் 5ம் ரெண்டும் இருக்கும், பேண்ட் ஸ்டீரிங்னு ஒண்ணு ரெண்டையும் ஒரே பேர்ல காட்டும். ரவுட்டர் பக்கத்துக்குள்ள போயி (பெரும்பாலும் 192.168.1.1, ஜியோ ரவுட்டர்னா 192.168.29.1) 2.4க்கு தனி பேர் வைங்க. மோடுங்கற இடத்துல என் ஒன்லின்னோ அதுக்கு மேலயோ இருந்தா பி/ஜி/என் மிக்ஸ்டுக்கு மாத்துங்க, இல்லனா ஜி கார்டு அந்த வைஃபையோட பேசவே முடியாது. செக்யூரிட்டியில டபிள்யூபிஏ3 மட்டும்னு இருந்தா டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்க்கு வாங்க, டபிள்யூபிஏ3 வந்ததே 2018ல, அது கேக்கற ஃப்ரேம் பாதுகாப்பு சமாச்சாரம் எல்லாம் இந்த காலத்து கார்டுங்களுக்கு பெரும்பாலும் ஒத்துவராது. டிகேஐபிக்கு மட்டும் இறங்கி வந்துடாதீங்க, அது ஓட்டையான பழைய முறை. சேனல் ஆட்டோன்னு இருக்கறத 1, 6, 11ல ஒண்ணா பிடிச்சு கட்டிடுங்க, ஏன்னா இந்தியாவுல 13 வரைக்கும் அனுமதி, ரவுட்டர் தாராளமா 12லயோ 13லயோ போயி உக்காந்துக்கும், கார்டு வேற நாட்டு கணக்குல இருந்தா அந்த ரெண்டு சேனலையும் சரியா பாக்காது. ஐடபிள்யூ ரெக் கெட்னு அடிச்சா கார்டு தன்ன எந்த நாட்டுல இருக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்குன்னு தெரியும், சுடோ ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்னு கொடுத்து (இதுல ஐஎன் மட்டும் பெரிய எழுத்துல) மாத்திப் பாக்கலாம், எல்லா கார்டும் கேக்கும்னு சொல்ல மாட்டேன்.

மாமா ரவுட்டர்ல மோடையும் சேனலையும் மாத்தினதும் ஜெராக்ஸ் வந்துடுச்சு. ஆபீஸ், காலேஜ் மாதிரி ரவுட்டர்ல கை வைக்க முடியாத இடம்னா பேசாம ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கி சொருகிடறது நல்லது, ஆனா வாங்கறதுக்கு முன்னாடி அதோட சிப் பேரு என்ன, அதுக்கு டிரைவர் கெர்னல்லயே இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. டப்பா மேல லினக்ஸ் சப்போர்ட்னு போட்டிருக்கறத மட்டும் நம்பி வாங்கினா எந்த காலத்து கெர்னலுக்கோ எழுதின ஒரு சோர்ஸ் கோட சிடியில போட்டு கையில கொடுத்துடுவாங்க.

சேந்தாச்சு, இப்ப ஐபி. ஐபி ஸ்பேஸ் ‘ஏ’ன்னு அடிங்க, டபிள்யூலேன்0க்கு நேரா 192.168ல எதாவது இருந்தா சரி (மத்த டிஸ்ட்ரோல டபிள்யூஎல்பி3எஸ்0 மாதிரி பேரா இருக்கும், ஆண்டிஎக்ஸ்ல பெரும்பாலும் பழைய பேரேதான்). 169.254ன்னு ஆரம்பிச்சா ரவுட்டர்கிட்ட இருந்து ஐபி கிடைக்கல, பொட்டி தானா ஒண்ண எடுத்து வச்சுக்கிச்சுன்னு அர்த்தம், அத வச்சு வெளிய போக முடியாது. ஐபி சரியா இருந்தா பிங் 8.8.8.8. அது ஓடுது, ஆனா ப்ரவுசர்ல எந்த சைட்டும் வரல, அப்ப சைட் பேர ஐபியா மாத்திக் கொடுக்கற டிஎன்எஸ்லதான் கோளாறு. இங்க ஒரு குறிப்பு, ஆண்டிஎக்ஸ்ல ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைல திறந்தா 127.0.0.1ன்னு இருக்கும், உடனே அய்யோ தப்புன்னு அத அழிச்சுட்டு 8.8.8.8 எழுதறாங்க, அது தப்பு இல்ல, கான்மேன் தானே ஒரு டிஎன்எஸ் ப்ராக்ஸியா உக்காந்திருக்கு, எல்லா கேள்வியும் அது வழியாத்தான் போகும். நீங்க கையால எழுதினத அடுத்த தடவ அதுவே மாத்தி எழுதிடும். மாத்தணும்னா கான்மேன்கிட்டயே சொல்லுங்க, கான்மேன்சிடிஎல் கான்ஃபிக், அந்த நீள ஐடி, மைனஸ் மைனஸ் நேம்சர்வர்ஸ், அப்புறம் 8.8.8.8 1.1.1.1. சிஎம்எஸ்டியிலயும் அந்த வைஃபைய தேர்ந்தெடுத்து கான்ஃபிகரேஷன்ல போயி இதையே பண்ணலாம்.

எல்லாம் ஓடுது, பிங் போகுது, பேரு தெரியுது, ஆனா எந்த சைட்ட திறந்தாலும் கனெக்ஷன் பாதுகாப்பு இல்லன்னு சிவப்பா வருது, பேக்கேஜ் லிஸ்ட்ட புதுப்பிக்க ஆப்ட் அப்டேட் போட்டா ரிலீஸ் ஃபைல் நாட் வேலிட் யெட்னு முரண்டு பிடிக்குது. மணிய பாருங்க. பழைய லேப்டாப் நிறையத்துல மணிய ஞாபகம் வச்சுக்க உள்ள இருக்கற சிமாஸ் பேட்டரி செத்திருக்கும், சார்ஜர எடுத்தா தேதி 2009க்கு போயிடும், 2009ல உக்காந்துக்கிட்டு இன்னைக்கு சர்டிஃபிகேட்ட பாத்தா அது இன்னும் பிறக்கவே இல்ல, எப்படி நம்பும்? நெட்டு கிடைச்சா கான்மேனே டைம் சர்வர்கிட்ட கேட்டு சரி பண்ணிக்க பாக்கும், அதுக்காக நான் காத்திருக்கறதில்ல, சுடோ டேட் மைனஸ் எஸ் போட்டு மேற்கோளுக்குள்ள தேதியையும் மணியையும் கொடுத்துட்டு சுடோ ஹெச்டபிள்யூக்ளாக் மைனஸ் டபிள்யூன்னு அடிச்சிடுவேன். நெட்டுல என்ன மாயமான கோளாறுன்னாலும் முதல்ல மணிய பாக்கற பழக்கம் எனக்கு உண்டு, அது நிறைய நேரத்த மிச்சம் பண்ணியிருக்கு. பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032தான், ஆனா நெட்புக்ல சும்மா கவ்வி வச்சிருக்காம ஒயர் வச்சு உறை போட்ட ரகமா இருக்கலாம், கழட்டி பாத்துட்டு வாங்குங்க.

அடுத்தது, ஆண்டிஎக்ஸ் கன்ட்ரோல் சென்டர்ல நெட்வொர்க் பக்கம் போனா கான்மேன் மட்டும் இல்ல, செனின்னு இன்னொண்ணும் இருக்கும், நீல ஸ்கிரீன்ல அம்புக்குறியால நகர்ற பழைய ஸ்டைல் டூல். கான்மேன்ல வரலன்னதும் செனிய திறந்து அதுலயும் அதே வைஃபைய போட்டு வைக்கறாங்க, அங்க ஆரம்பிக்குது கூத்து. செனி எழுதறது ஈடிசி நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ் ஃபைல்ல, கான்மேனுக்கு அதெல்லாம் சட்டையே இல்ல, ரெண்டு பேரும் ஒரே கார்ட பிடிச்சு இழுப்பாங்க, ஒருத்தர் சேத்தா இன்னொருத்தர் அவுப்பார், ஒரு பூட்ல வரும் அடுத்த பூட்ல வராது. எதாவது ஒண்ணத்தான் வச்சுக்கணும். கான்மேன்தான் வேணும்னா அந்த இன்டர்ஃபேசஸ் ஃபைல்ல லோன்னு இருக்கற ரெண்டு வரிய மட்டும் விட்டுட்டு மிச்சத்த எடுத்துட்டு சுடோ சர்வீஸ் கான்மேன் ரீஸ்டார்ட் (ரன்இட் வெர்ஷன் போட்டிருந்தா சுடோ எஸ்வி ரீஸ்டார்ட் கான்மேன்). லேப்டாப்ப தூக்கிட்டு ஊர் சுத்தறவங்களுக்கு கான்மேன்தான் நல்லது, ஒரே இடத்துல கேபிள்ல கிடக்கற பொட்டிக்கு செனி போதும், என் அபிப்பிராயம் இது.

இன்னும் நம்ம ஊர்ப்பக்கம் சில இடத்துல கேபிள் டிவிக்காரர் ரவுட்டர் இல்லாம நேரா லேன் ஒயர கையில கொடுத்துட்டு ஒரு யூசர்நேம் பாஸ்வேர்ட எழுதி கொடுத்துட்டு போறார், விண்டோஸ்ல பிராட்பேண்ட் கனெக்ஷன்னு ஒரு ஐகான டபுள் க்ளிக் பண்ணி டயல் பண்ணுவோமே, அதேதான். அது பிபிபிஓஇ. இதுக்கு கான்மேன் சரிப்படாது. பிபிபிஓஇகான்ஃப்னு பேக்கேஜ் இருக்கு, சுடோ போட்டு ஓட்டினா தானே லேன்ல மோடத்த தேடி, யூசர்நேம் பாஸ்வேர்ட் கேட்டு, பூட்லயே டயல் பண்ணவான்னும் கேட்டு முடிச்சிடும். அப்புறம் பான் டிஎஸ்எல்-ப்ரொவைடர்னா கனெக்ட், பாஃப்னா கட், பிலாக்னா என்ன நடந்துச்சுங்கற லாக். இதோட கான்மேனுக்கு அந்த லேன் கார்டு பக்கம் வராதன்னு சொல்லிடணும், ஈடிசி கான்மேன் ஃபோல்டர்ல மெயின் டாட் கான்ஃப் ஃபைல்ல நெட்வொர்க்இன்டர்ஃபேஸ்பிளாக்லிஸ்ட்ங்கற வரியில ஈத்0வ சேத்துடுங்க. யூசர்நேம் எல்லாம் சரியா இருந்தும் டயல் ஆகலன்னா கேபிள்காரருக்கு ஒரு ஃபோன் போடுங்க, மேக் பைண்டிங் பண்ணி வச்சிருப்பாங்க, பழைய கம்ப்யூட்டரோட மேக் அட்ரஸ் மட்டும்தான் அங்க பதிஞ்சிருக்கும். "அண்ணே, பொட்டி மாத்திட்டேன், மேக் மாத்தி விடுங்க"ன்னா போதும், அவருக்கு தினம் நாலு பேர் இதத்தான் கேப்பாங்க. ஐபி ஏ அடிச்சப்ப லிங்க்/ஈதர்னு ஒரு வரி வந்துச்சுல்ல, ரெண்டு ரெண்டு எழுத்தா முக்காப்புள்ளி போட்டு, அதத்தான் அவர் கேப்பார்.

மாமா கடையில வைஃபை பிரிண்டர் ஒண்ணு அதே ரவுட்டர்ல இருக்கு. நெட்புக்ல பிரிண்ட் கொடுத்தா ஒரு நாள் வரும் ஒரு நாள் வராது, ஏன்னா கரண்ட் போயி வந்தா ரவுட்டர் பிரிண்டருக்கு புது ஐபி கொடுத்துடும், நெட்புக் பழைய ஐபியவே தட்டிக்கிட்டு இருக்கும். ரவுட்டர்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன் இல்லனா அட்ரஸ் ரிசர்வேஷன்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க பிரிண்டரோட மேக்க போட்டு ஒரு ஐபிய கட்டி வச்சிட்டு, நெட்புக்ல பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் முக்காப்புள்ளி 631க்கு போயி லினக்ஸ்ல பிரிண்டர பாத்துக்கற சியுபிஎஸ் பக்கத்துல அந்த ஐபியிலயே பிரிண்டர சேத்துட்டேன். பிரிண்டர் பக்கம் போயி கையால ஸ்டேட்டிக் ஐபி அடிக்கறதுக்கு இது தேவல, நாளைக்கு ரவுட்டர மாத்தினா ஒரே இடத்துல மாத்தினா போதும். மாமா ஒரு ஈபி பில்ல பிரிண்ட் எடுத்து பாத்துட்டு, "பரவாயில்லையே மாப்ள, அப்ப பரண்ல இன்னொண்ணு கிடக்கு, அதையும் இறக்கவா?"ன்னார். அதுல பிராட்காம்.